கணினிக் கேள்வி பதில்: தொலைவிலுள்ள திரை திறக்க மறுக்கும்போது

இம்முறை தேர்ந்தெடுத்த கேள்விகள் யாவும், ஒரு கணினியில் ஓடும் நிரலை இன்னொரு கணினியின் திரையில் பார்ப்பது பற்றியவை. பிழைச் செய்தியை ஒரு சொல் விடாமல் எழுதியனுப்பியவர்களுக்கே முதலில் பதில் தருகிறேன். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதியவர்கள், திரையில் வந்த வரியையும் சேர்த்து மறுபடி எழுதினால் நல்லது.

கேள்வி: என் மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) மூலம் ஒரு சர்வருக்குள் நுழைந்து, அங்குள்ள வரைகலை நிரலை இயக்கினால் ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. எங்கோ படித்தபடி, எந்தத் திரையில் வரைவது என்று நிரலுக்குச் சொல்லும் டிஸ்ப்ளே மாறிக்கு சர்வரில் என் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்தேன். என் கணினியில் ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ கட்டளையையும் கொடுத்தேன். பலன் இல்லை. ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்க வேண்டாம், அணைத்தாலும் பயன் இருக்காது. முதல் வேலையாக ‘எக்ஸ்ஹோஸ்ட் -’ என்று கொடுத்து, திறந்துவிட்டதை மூடிவிடுங்கள். அந்தக் கூட்டல் குறி, உங்கள் எக்ஸ் சர்வரை, அதாவது திரையில் சாளரங்களை வரையும் நிரலை, எட்டக்கூடிய எவரையும் எந்தச் சோதனையும் இல்லாமல் உள்ளே விடுகிறது. அப்படி உள்ளே வந்த நிரல் தன் சாளரத்தை வரைவதோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் வேறொரு சாளரத்தில் தட்டும் கடவுச்சொல்லைக்கூட அதனால் கவனிக்க முடியும்.

சிக்கல் இணைப்பின் திசையில் இருக்கிறது. எக்ஸ் விண்டோ முறை 1984-இல் எம்ஐடியில் தொடங்கியது. இன்றும் புழங்கும் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதில் திரையும் கீபோர்டும் மவுஸும் எந்தக் கணினியில் இருக்கின்றனவோ அங்கே ஓடுவதுதான் எக்ஸ் சர்வர். எங்கோ தொலைவில் ஓடும் நிரல் அதன் கிளையன்ட். ஆகவே எஸ்எஸ்எச் இணைப்பு உங்களிடமிருந்து அங்கே போனாலும், படம் வரைவதற்கான இணைப்பு அங்கிருந்து உங்களைத் தேடி வர வேண்டும். முற்காலத்தில் அது உங்கள் கணினியின் 6000-ஆம் போர்ட்டுக்கு நேராக வந்து சேரும். நீங்கள் படித்த யோசனை அந்தக் காலத்துக்கு உரியது. 2015-இல் வெளிவந்த எக்ஸ்.ஆர்க் சர்வர் 1.17 முதல், தனியே கேட்டுக்கொண்டால் ஒழிய எக்ஸ் சர்வர் நெட்வொர்க்கிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்பதே இல்லை. ஃபயர்வாலை அணைத்தாலும் அந்தப் போர்ட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை. போதாக்குறைக்கு, 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொடுத்திருந்தீர்களானால், வெளியே உள்ள சர்வருக்கு அந்த முகவரியை எட்டும் வழியே கிடையாது.

சரியான வழி, ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே எக்ஸ் தரவும் திரும்பி வரும்படி செய்வது. டிஸ்ப்ளே மாறிக்கு நீங்கள் கொடுத்த மதிப்பை நீக்குங்கள், சர்வரில் .பாஷ்ஆர்சி கோப்பில் அதை எழுதி வைத்திருந்தால் அங்கிருந்தும் நீக்குங்கள். பலருக்குத் தொல்லை தருவது மறந்துபோன அந்த ஒரு வரிதான், ஏனெனில் எஸ்எஸ்எச் சரியாக வைத்த மதிப்பை ஒவ்வொரு நுழைவின்போதும் அது அழித்துவிடும். பிறகு ‘எஸ்எஸ்எச் -எக்ஸ்’ என்று பெரிய எழுத்து எக்ஸ் கொடுத்து நுழையுங்கள். சிறிய எழுத்தில் கொடுத்தால் பலன் நேர்மாறாகும். அது எக்ஸ் இணைப்பை அணைப்பதற்கான தெரிவு. நுழைந்ததும் டிஸ்ப்ளே மாறியின் மதிப்பை எக்கோ கட்டளையால் பாருங்கள். ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்பது போல் ஏதாவது தெரிந்தால் பாதை போடப்பட்டுவிட்டது என்று பொருள். சர்வரில் உண்மையான திரைகள் ஏதும் இருந்தால் அவற்றோடு மோதாமல் இருக்கவே எண்ணிக்கை 10-இலிருந்து தொடங்குகிறது. அந்தப் பத்தாம் திரை சர்வரின் 6010-ஆம் போர்ட்டில், அந்தக் கணினிக்குள் மட்டும் காத்திருக்கும்.

மதிப்பு வெறுமையாக இருந்தால், சிறிய எழுத்து ‘-வி’ தெரிவையும் சேர்த்து மறுபடி நுழைந்து, ஓடும் வரிகளில் எக்ஸ்11 என்ற சொல் வரும் இடங்களைப் படியுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், உங்கள் கணினி கோரிக்கையை அனுப்பவே இல்லை. திரை இல்லாத எழுத்து முனையத்திலிருந்து நுழைந்தால் இப்படி ஆகும். கோரிக்கை போய், ‘எக்ஸ்11 ஃபார்வர்டிங் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று பதில் வந்தால் தவறு சர்வர் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் ‘யெஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் கோரிக்கை மறுக்கப்பட்டால், எக்ஸ்ஆத் என்ற சிறு நிரல் சர்வரில் நிறுவப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். வரைகலைச் சூழல் இல்லாமல் குறைந்த அளவில் நிறுவப்படும் சர்வர்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது: சர்வரில் ஐபிவி6 அணைக்கப்பட்டிருந்தால் எஸ்எஸ்எச்டி (சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் சேவை) சில வேளைகளில் அந்த 6010-ஆம் போர்ட்டைத் திறக்க முடியாமல் தோற்கும், அதே கோப்பில் அட்ரஸ்ஃபேமிலி என்பதற்கு ‘ஐநெட்’ என்று கொடுத்து, எஸ்எஸ்எச் சேவையை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

கேள்வி: மேலே உள்ளது போல எல்லாம் சரியாக வேலை செய்கிறது. ஆனால் சர்வரில் ரூட் பயனராக மாறிய பிறகு அதே நிரலை இயக்கினால், ‘எக்ஸ்11 கனெக்‌ஷன் ரிஜெக்டட் பிகாஸ் ஆஃப் ராங் ஆதென்டிகேஷன்’ என்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

பதில்: சர்வரில் ரூட்டுக்கு எல்லா அதிகாரமும் உண்டு; ஆனால் உங்கள் திரை சர்வருக்குச் சொந்தமானது அல்லவே. திரையைத் தொட வேண்டுமானால் ‘குக்கீ’ எனப்படும் 128 பிட் ரகசிய எண்ணைக் காட்ட வேண்டும். எஸ்எஸ்எச் நுழையும்போது அந்த எண்ணை உங்கள் ஹோம் கோப்புறையில் .எக்ஸ்ஆத்தாரிட்டி என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. ரூட்டாக மாறியதும் ஹோம் கோப்புறையும் மாறிவிடுவதால், நிரல் வேறு கோப்பில் தேடிவிட்டு வெறுங்கையோடு போய் நிற்கிறது.

ரூட்டாக மாறுவதற்கு முன் ‘எக்ஸ்ஆத் லிஸ்ட்’ என்று கொடுங்கள். திரையின் எண், எம்ஐடி-மேஜிக்-குக்கீ-1 என்ற பெயர், 32 பதினறும இலக்கங்கள் ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும். பல வரிகள் வந்தால் உங்கள் டிஸ்ப்ளே மதிப்பிலுள்ள எண்ணுக்குரிய வரியை மட்டும் எடுத்து, ரூட்டாக மாறிய பின் ‘எக்ஸ்ஆத் ஆட்’ என்பதற்குப் பின்னால் அப்படியே ஒட்டுங்கள். எக்ஸ்ஆத்தாரிட்டி மாறியில் உங்கள் கோப்பின் முழுப் பாதையைக் கொடுப்பது இன்னும் சுருக்கமான வழி. ஆனால் ஹோம் கோப்புறை நெட்வொர்க் வட்டில் இருந்தால் ரூட்டுக்கே அதைப் படிக்க உரிமை இருக்காது, அப்போது முதல் வழிதான் உதவும். ரூட்டாக மாறாமலேயே இதே செய்தி வந்தால், ஹோம் கோப்புறையில் இடம் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வட்டு நிறைந்திருந்தால் குக்கீயை எழுத இடமின்றி, பழைய எண்ணே கோப்பில் தங்கிவிடும்.

கட்டமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்தத்தான் இவ்வளவும் என்றால், இந்த வேலையே தேவையில்லை. கோப்பை மட்டும் ரூட் உரிமையோடு திருத்த உதவும் சூடோஎடிட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஒரு முழு வரைகலை எடிட்டரை ரூட் உரிமையோடு ஓட்டும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை.

கேள்வி: மேக் கணினியில் எக்ஸ்குவார்ட்ஸ் (மேக்குக்கான எக்ஸ் சர்வர்) நிறுவி, ‘-எக்ஸ்’ கொடுத்து நுழைகிறேன். முதலில் எல்லாம் சரி. சிறிது நேரம் கழித்துப் புதிய சாளரம் எதுவும் திறப்பதில்லை. ஏற்கெனவே திறந்தவை மட்டும் ஓடுகின்றன. வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகிறது.

பதில்: இது பழுதல்ல, காலக்கெடு. ‘-எக்ஸ்’ கொடுத்தால் தொலைவிலுள்ள நிரல்களை நம்பத்தகாதவையாகவே எஸ்எஸ்எச் நடத்துகிறது. அந்த வகை அனுமதிக்கு இயல்பான ஆயுள் 20 நிமிடம். அதற்குப் பின் வரும் புதிய இணைப்புகள் மறுக்கப்படும். எஸ்எஸ்எச் கட்டமைப்பில் ஃபார்வர்ட்எக்ஸ்11டைம்அவுட் என்பதன் அளவைக் கூட்டலாம். அல்லது பெரிய எழுத்தில் ‘-ஒய்’ என்று நம்பகமான வகையைக் கேட்கலாம். ஆனால் அதன்பின் அந்தச் சர்வரில் ரூட் உரிமை உள்ள எவரும் உங்கள் திரையைப் பார்க்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்டதாக ஆகும். உங்கள் சொந்தச் சர்வர் என்றால் கவலையில்லை. பலர் புழங்கும் சர்வரானால் கெடுவைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் ‘-எக்ஸ்’ கொடுத்தாலே நம்பகமான வகையாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பதால், உபுண்டுவில் இருக்கும் முதல் கேள்வியாளருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது.

கேள்வி: அதே கட்டடத்தில் இருக்கும்போது வேகமாக ஓடும் நிரல், வேறு நாட்டிலிருந்து நுழைந்தால் ஒரு மெனுவைத் திறக்கவே உயிரை வாங்குகிறது. இணைய வேகத்தை இரு மடங்காக்கியும் மாற்றமில்லை.

பதில்: மாற்றம் இருக்காது. இங்கே தடையாக இருப்பது குழாயின் அகலமல்ல, தூரம். எக்ஸ் முறையில் நிரல் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் இடங்கள் ஏராளம். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 200 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு சாளரம் திறக்க அடுத்தடுத்து 100 கேள்விகள் தேவைப்பட்டால் 20 நொடி போய்விடும். உள் நெட்வொர்க்கில் அதே கேள்வி பதில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக முடிவதால் அங்கே எதுவும் உறைப்பதில்லை. எஸ்எஸ்எச்சில் பெரிய எழுத்தில் ‘-சி’ கொடுத்துத் தரவைச் சுருக்கினாலும், தரவின் அளவுதான் குறையும். கேள்விகளின் எண்ணிக்கை குறையாது.

தூரத்திலிருந்து வேலை செய்பவருக்கு நான் எக்ஸ் இணைப்பைப் பரிந்துரைப்பதே இல்லை. படம் முழுவதும் சர்வரிலேயே வரையப்பட்டு, வரைந்த படம் மட்டும் உங்களிடம் வரும் விஎன்சி, ஆர்டிபி போன்ற முறைகள் இதற்கு ஏற்றவை. இணைப்பு அறுந்தாலும் நிரல் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும் என்பது கூடுதல் வசதி. எக்ஸ் இணைப்பில் கம்பி அறுந்தால் நிரலும், நீங்கள் சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். முழு மேசைத்திரை வேண்டாம், ஒரு நிரலின் சாளரம் மட்டும் போதும் என்றால் எக்ஸ்பிரா இருக்கிறது. முப்பரிமாண நிரல் என்றால் விர்ச்சுவல்ஜிஎல் மூலம் சர்வரின் கிராஃபிக்ஸ் அட்டையையே பயன்படுத்துங்கள். எக்ஸ் வழியாக ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை அனுப்பும் பழைய முறையையும் எக்ஸ்.ஆர்க் இயல்பில் அணைத்தே வைத்திருக்கிறது.

கேள்வி: விஎன்சி சர்வரை நிறுவினேன். ஒரு கணினியிலிருந்து இணைத்தால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’, இன்னொன்றிலிருந்து இணைத்தால் ‘டைம்டு அவுட்’. ஒருவழியாக இணைந்தபோது வெறும் சாம்பல் நிறத் திரையும், நடுவில் எக்ஸ் வடிவச் சுட்டியும் மட்டுமே தெரிந்தன.

பதில்: மூன்று செய்திகளும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன. மறுப்பு உடனே வந்தால் உங்கள் தரவு அந்தக் கணினி வரை போயிருக்கிறது. அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை, அல்லது ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது. நெடுநேரம் காத்திருந்து கெடு முடிந்தால், வழியில் எங்கோ ஒரு ஃபயர்வால் தரவை ஓசைப்படாமல் விழுங்குகிறது, அல்லது அந்தக் கணினியே தூக்க நிலையில் இருக்கிறது. சர்வரில் ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ என்று கொடுத்தால் எந்தப் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். விஎன்சியில் 5900-உடன் திரை எண்ணைக் கூட்ட வேண்டும். முதல் திரை 5901. பட்டியலில் 127.0.0.1:5901 என்று இருந்தால், அது வேண்டுமென்றே வெளியார் எவரையும் ஏற்காமல் இருக்கிறது.

அதை மாற்றிவிடாதீர்கள். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். அந்த முறையில் படத் தரவும் மறைகுறியாக்கம் இல்லாமலே பயணிக்கும். எஸ்எஸ்எச் கட்டளையில், எல் பெரிய எழுத்தில் இருக்கும்படி, ‘-எல் 5901:லோக்கல்ஹோஸ்ட்:5901’ என்று சேர்த்து நுழைந்து, உங்கள் விஎன்சி காட்டியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:1’ என்று கொடுங்கள். திரை எண்ணுக்குப் பதிலாகப் போர்ட் எண்ணையே எழுதுவதானால், சில காட்டிகள் இரட்டை முக்காற்புள்ளியை எதிர்பார்க்கும்.

சாம்பல் திரை நல்ல அறிகுறி: இணைப்பு முழுவதும் சரி, உள்ளே மேசைச்சூழல் மட்டும் தொடங்கவில்லை. ஹோம் கோப்புறையில், வழக்கமாக .விஎன்சி என்ற கோப்புறைக்குள், எக்ஸ்ஸ்டார்ட்அப் என்ற கோப்பு இருக்கும். அதற்கு இயங்கும் உரிமை இருக்கிறதா, அதில் குறிப்பிட்ட மேசைச்சூழல் உண்மையிலேயே நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் தொடக்கத்தில் செஷன்_மேனேஜர், டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ் ஆகிய இரு மாறிகளையும் ‘அன்செட்’ செய்தால் பல வேளைகளில் திரை உயிர்பெறும். பழைய அமர்வின் முகவரிகளைப் பிடித்துக்கொண்டு புதிய அமர்வு தடுமாறுவதை அது தவிர்க்கிறது. அப்படியும் நடக்கவில்லையென்றால், அதே பயனர் பெயரில் அந்தக் கணினியின் சொந்தத் திரையில் ஏற்கெனவே ஓர் அமர்வு திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே பயனருக்கு இரண்டு அமர்வுகளை நோம் போன்ற சூழல்கள் பொறுத்துக்கொள்வதில்லை. எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸுக்கான ஆர்டிபி சர்வர்) வழியாக நுழைந்து கறுப்புத் திரையைக் கண்டவர்களும் முதலில் இதையே பார்க்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸைப் புதுப்பித்த பிறகு, இத்தனை காலம் ஓடிய எக்ஸ்11விஎன்சி (கணினியின் சொந்தத் திரையை விஎன்சி வழியே காட்டும் நிரல்) கறுப்புத் திரையை மட்டும் காட்டுகிறது. கட்டமைப்பில் நான் எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, புதுப்பிப்பு உங்களை எக்ஸிலிருந்து, அதற்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாற்றியிருக்கும். எக்ஸ்டிஜி_செஷன்_டைப் மாறியின் மதிப்பைப் பார்த்தால் உறுதியாகிவிடும். 2008-இல் தொடங்கிய வேலண்டில், ஒரு நிரல் மற்ற நிரல்களின் சாளரங்களைத் தன் விருப்பப்படி படம்பிடிக்க முடியாது. எக்ஸ்11விஎன்சி செய்துவந்ததோ அதைத்தான். முன்பு சொன்ன கடவுச்சொல் திருட்டைத் தடுக்கும் அதே வேலி இதையும் தடுக்கிறது.

உங்கள் லினக்ஸில் இன்னும் இருந்தால், உள்நுழைவுத் திரையில் எக்ஸ்.ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். நிலையான வழி, மேசைச்சூழலிலேயே உள்ள தொலைப்பகிர்வைப் பயன்படுத்துவது. நோம் 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பிலிருந்து ஆர்டிபி முறையில் திரையைப் பகிர்கிறது. அமைப்புகளில் அதை இயக்கினால் போதும். ஒரு தனி வேலண்ட் நிரலை எஸ்எஸ்எச் வழியே கொண்டுவர வேபைப் இருக்கிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் கணினியில் வேலண்ட் ஓடினாலும் ‘எஸ்எஸ்எச் -எக்ஸ்’ பழையபடியே வேலை செய்யும், ஏனெனில் எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிரல் எக்ஸ் சர்வராக நின்று பதில் சொல்கிறது.

கேள்வி: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் பயனர் பெயரும் பின் எண்ணும் சரியாகக் கொடுத்தும் உள்ளே விடவில்லை. வெளியிலிருந்து நுழைய ரவுட்டரில் அதற்குரிய 3389-ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டுமா?

பதில்: பின் எண் அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்து நுழைவதற்கு மட்டும் உரியது, தொலைவிலிருந்து நுழையக் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பில் நெட்வொர்க் வழியாக விடாது. உள்ளே அழைக்கப்படும் கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் இந்த முயற்சியே வீண். அந்தப் பதிப்பிலிருந்து வெளியே இணையலாமே தவிர, அதற்குள் இணைய முடியாது.

3389-ஐ இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 2019-இல் ‘புளூகீப்’ என்ற பெயரில் வெளிப்பட்ட ஓட்டை, கடவுச்சொல்லே கேட்காமல் விண்டோஸ் 7-க்குள்ளும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்குள்ளும் நுழைய வழிவிட்டது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. விபிஎன் அமைத்து, அதற்குள்ளிருந்து இணையுங்கள்.

கேள்வி: விஎன்சி வழியாகத் தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் சிதறுகின்றன, சில வேளை எதுவுமே விழுவதில்லை.

பதில்: உங்கள் கணினியிலும் சர்வரிலும் தமிழ் விசைப்பலகை ஒரே நேரத்தில் இயங்குகிறது என்று நினைக்கிறேன். விஎன்சி, விசையின் இடத்தை அனுப்பாமல், அந்த விசை தரும் எழுத்தின் குறியீட்டை அனுப்புகிறது. உங்கள் பக்கத்திலேயே தமிழாக மாறிப்போன எழுத்து அங்கே மறுபடி மாற்றத்துக்கு உள்ளாகும்போது சிதறுகிறது. அங்குள்ள விசைப்பலகை அமைப்பில் அந்த எழுத்தே இல்லாதபோது காணாமல் போகிறது. உங்கள் கணினியில் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, சர்வரில் மட்டும் தமிழ் 99-ஐயோ வேறு முறையையோ இயக்குங்கள். மொழி மாற்றும் குறுக்குவிசை இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தால் அதை உங்கள் கணினியே பிடித்துக்கொள்ளும். சர்வரில் வேறொரு குறுக்குவிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.